சாப்பாட்டுப் பொட்டலத்துக்கு அடுத்து என்ன? சேலத்தில் தெருவோரம் தூங்குபவர்களைப் பற்றி

நீங்கள் கேட்டது இரண்டு கேள்வி. சேலம் பழைய பஸ் ஸ்டாண்டு, டவுன் ஸ்டேஷன், ஜி.எச். வாசல், ஜங்ஷன் என்று எங்கே பார்த்தாலும் ராத்திரியில் ஆட்கள் படுத்துக் கிடக்கிறார்களே, மாநகராட்சிக் காப்பகம் இருந்தும் ஏன் அங்கே போவதில்லை என்பது ஒன்று. நண்பர்கள் சிலர் சேர்ந்து வாரம் ஒருநாள் ராத்திரி சாப்பாட்டுப் பொட்டலம் கொடுக்கிறோம், இதனால் இவர்கள் எண்ணிக்கை குறையுமா, வேறு ஏதாவது செய்யலாமா என்பது இன்னொன்று.

இரண்டாவதற்கு நேராகவே பதில் சொல்லிவிடுகிறேன்: குறையாது. பொட்டலம் அந்த ராத்திரிப் பசிக்கு ஆகும், அவ்வளவுதான். நிறுத்துங்கள் என்று சொல்லவில்லை. ஆனால் இந்த ஊரில் காப்பக வேலை, ராத்திரிச் சுற்று, தாலுகா ஆபீஸ் அலைச்சல் என்று பல வருஷமாக இதிலேயே உழல்கிறவன் என்ற முறையில் ஒன்று சொல்லலாம். சேலத்தில் தெருவில் இருப்பவருக்குச் சோறு கிடைப்பது அப்படியொன்றும் கஷ்டமில்லை. அம்மா உணவகத்தில் இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து ரூபாய், தயிர் சாதம் மூன்று ரூபாய். கோயில்களில் மதிய அன்னதானம் இருக்கிறது. ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகை வந்துவிட்டால் தெருவுக்குத் தெரு கூழ் ஊற்றுவார்கள். கிடைக்காதவை வேறு. குளிக்க ஒரு இடம், துணிப்பையை நம்பி வைக்க ஒரு இடம், ராத்திரி வேலை பார்த்தவர் பகலில் கண்ணயர ஒரு இடம், எங்கே குடியிருக்கிறாய் என்று ஆபீஸில் கேட்டால் சொல்ல ஒரு விலாசம். கடைசியாகச் சொன்னதுதான் மற்ற எல்லாவற்றையும் பூட்டி வைத்திருக்கிறது.

முதலில், படுத்திருப்பவர்கள் எல்லாரும் ஒரே ரகம் என்று நினைத்தால் எதுவும் புரியாது. நான் பார்த்த வரையில் அவர்களில் நிறையப் பேர் உழைத்துச் சாப்பிடுகிறவர்கள். லீ பஜாரில் மூட்டை இறக்குபவர்கள், பூ மார்க்கெட்டில் கூடை சுமப்பவர்கள், பாட்டிலும் அட்டையும் பொறுக்கி எடைக்குப் போடுபவர்கள், கல்யாண மண்டபத்தில் பந்தி பரிமாறவும் அண்டா கழுவவும் போகிறவர்கள். ஹோட்டல் வேலைக்காரர்கள் தனி. மாஸ்டர், சப்ளையர், டேபிள் துடைக்கும் பையன் எல்லாருக்கும் சாப்பாடும் படுக்கையும் கடையோடு சேர்ந்தது. முதலாளியோடு ஒரு வாய்த்தகராறு, அல்லது பத்து நாள் காய்ச்சல். அன்று ராத்திரியே வேலை போச்சு, படுக்கை போச்சு, சாப்பாடும் போச்சு. வீட்டு வாடகை பாக்கி என்றால் கூட வீட்டுக்காரர் ஒரு மாதம் பொறுப்பார். இங்கே ஒரு மணி நேரம்கூடக் கிடையாது.

ஜி.எச். வாசலில் படுத்திருப்பவர்கள் பெரும்பாலும் நோயாளியின் கூட வந்தவர்கள். தர்மபுரி, நாமக்கல், கிருஷ்ணகிரி, கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்தெல்லாம் சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குத்தான் வருகிறார்கள். அவர்கள் ஊருக்குத் திரும்பிவிடுவார்கள். அங்கே கவனிக்க வேண்டியது, கூட யாரும் இல்லாமல் தனியாக வந்த நோயாளியை. கால் முறிந்து ஆம்புலன்ஸில் வந்தவர், சர்க்கரைப் புண்ணுக்கு விரல் எடுத்தவர், இவர்களுக்கு டிஸ்சார்ஜ் சீட்டு எழுதிய அன்று போக இடம் இல்லை. வார்டிலிருந்து வாசலுக்கு வருவார். 'மறுபடி வந்து கட்டு மாற்றிக்கொள்ளவும்' என்று சீட்டில் இருக்கும். மாற்றிக்கொள்ள வசதியாக அங்கேயே படுப்பார். அப்படித்தான் ஒரு நோயாளி தெருவாசி ஆகிறார்.

ஜங்ஷன் கதை வேறு. சென்னை, கோயம்புத்தூர், கேரளம், பெங்களூரு என்று எல்லாத் திசை வண்டியும் நின்று போகிற இடம். மனநிலை பாதித்து எங்கோ ஏறியவர் இங்கே இறங்கிவிடுவார், அல்லது இறக்கிவிடப்படுவார். தமிழ் தெரியாது. பெயர் கேட்டால் சிரிப்பார். சுரமங்கலம் பக்கம் நடந்து திரியும் சிலர் எந்த மாநிலத்துக்காரர் என்பதே தெரிவதில்லை.

பெண்களை நீங்கள் பார்த்திருக்கவே மாட்டீர்கள். தெருவில் பெண்கள் குறைவு என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். ராத்திரி ஒரு மணிக்குப் பஸ் ஸ்டாண்டில் கட்டைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, புடவைத் தலைப்பைக் காதைச் சுற்றி இறுக்கிக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவரைப் போல உட்கார்ந்திருக்கும் அம்மாவைக் கவனித்திருக்கிறீர்களா? எந்த ஊருக்கு என்றால் ஆத்தூர் என்பார். ஆத்தூர் பஸ் ஒன்று, இரண்டு, மூன்று என்று போய்க்கொண்டே இருக்கும், எழுந்திருக்க மாட்டார். படுத்தால் பாதுகாப்பில்லை என்பதால் விடிய விடிய உட்கார்ந்திருந்து, பகலில் கோயில் மண்டபத்திலோ ஆஸ்பத்திரி காத்திருப்பு நாற்காலியிலோ தூங்குகிறவர்கள் இவர்கள்.

இதனால்தான் எண்ணிக்கை எப்போதும் குறைவாகவே வருகிறது. 2011 கணக்கெடுப்பில் வீடற்றவர்களை ஒரே ராத்திரியில், பிப்ரவரி 28 அன்று எண்ணினார்கள். சாலையோரம், மேம்பாலத்தடி, குழாய்க்குள், பிளாட்பாரம், கோயில் மண்டபம் என்று திறந்த இடங்களில் இருப்பவர்கள்தான் கணக்கு. நாடு முழுக்க 17.7 லட்சம் பேர். 2001-ல் 19.4 லட்சமாக இருந்தது குறைந்ததே என்று சந்தோஷப்பட வேண்டாம். குறைந்தது கிராமத்தில். நகரங்களில் 7.8 லட்சத்திலிருந்து 9.4 லட்சமாக ஏறியிருக்கிறது. ராத்திரி மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவரும், பஸ்ஸுக்குக் காத்திருந்த ஆத்தூர் அம்மாவும் அதில் வந்திருக்க வாய்ப்பில்லை. அடுத்த கணக்கெடுப்பு 2027-ல். எங்கே யார் தூங்குகிறார்கள் என்று தெரிந்த உங்களைப் போன்றவர்கள் அப்போது கூடப் போய்க் காட்டினால் அது பொட்டலத்தைவிடப் பெரிய உதவி.

இனி காப்பகம். மக்கள் சிவில் உரிமைக் கழகம் (பி.யு.சி.எல்.) 2001-ல் தொடுத்த உணவு உரிமை வழக்கில், 2010 ஜனவரியில், டெல்லிக் குளிரில் தெருவில் ஆட்கள் செத்ததையொட்டி உச்ச நீதிமன்றம் தலையிட்டது. நகரங்களில் லட்சம் பேருக்கு ஒரு காப்பகம், வருஷம் முழுக்க, இருபத்து நாலு மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்ற அளவுகோல் அதிலிருந்து வந்ததுதான். 2013-ல் தொடங்கிய தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் அதைத் திட்டமாக்கியது. ஆளுக்கு 50 சதுர அடி, ஒரு காப்பகத்தில் குறைந்தது 50 பேர், குளியலறை, சமையலறை, சாமான் வைக்கப் பூட்டுப் பெட்டி என்று காகிதத்தில் எல்லாம் ஒழுங்காகவே இருக்கிறது. கட்டிடம் மாநகராட்சியுடையது, நடத்துவது தொண்டு நிறுவனம். 2011 கணக்கில் சேலம் மாநகராட்சியின் மக்கள்தொகை 8.29 லட்சம். அந்த அளவுகோல்படி எட்டுக் காப்பகம் வேண்டும். அதற்குப் பிறகு ஊர் எவ்வளவு பெருத்திருக்கிறது என்று ஐந்து ரோட்டில் நின்று பார்த்தாலே தெரியும்.

ஆனால் எட்டும் இருந்தால்கூட எல்லாரும் போய்விட மாட்டார்கள். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் தட்டுவண்டி ஓட்டும் ஒரு பெரியவரிடம் ஏன் வரமாட்டேன் என்கிறீர்கள் என்று கேட்டேன். வண்டிச் சக்கரத்துக்கும் தன் கால் கட்டைவிரலுக்கும் ஒரு கயிறு கட்டிக்கொண்டு, வண்டி மேலேயே சாக்கு விரித்துப் படுத்திருந்தார். யாராவது வண்டியை இழுத்தால் விரல் இழுபடும், முழித்துக்கொள்வார். "பத்து மணிக்குக் கேட்டைச் சாத்திடறாங்க சாமி. எனக்கு லாரி வர்றது ரெண்டு மணிக்கு. அப்ப எழுந்து வந்தா வாட்ச்மேன் திட்டுவான். அதுவுமில்லாம, வண்டிய எங்க உடறது? உள்ள உடுவாங்களா?" என்றார். வாடகை வண்டி. தொலைந்தால் அவர் தலையில் விழும். அந்தக் கயிறுதான் அவருக்குப் பூட்டு, காவல் எல்லாம்.

அவர் சொன்னதில் தவறென்ன இருக்கிறது? காப்பகம் வேலை நடக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இல்லை, நேரம் ஒத்துவரவில்லை, பிழைப்புக்கான வண்டியை உள்ளே கொண்டுபோக வழியில்லை. கணவன் மனைவியாக இருந்தால் ஆண்கள் காப்பகம், பெண்கள் காப்பகம் என்று பிரிக்க வேண்டியிருக்கும். அறுபது வயதுக்கு மேல் அதற்கு யார் சம்மதிப்பார்கள்? குடித்திருந்தால் உள்ளே விடுவதில்லை, தினமும் குடிப்பவர் தினமும் வெளியே. கூடவே ஒரு பயமும் உண்டு: "வண்டியில ஏத்தி ஹோமுக்குக் கொண்டுபோய் அடைச்சிருவாங்க." இந்தப் பயம் கற்பனை இல்லை. பிச்சை எடுப்பதைக் குற்றமாக்கும் சட்டம் இந்த மாநிலத்தில் 1945-ல் வந்தது. திருவிழா, பெரிய மனிதர் வருகை என்றால் தெருவைத் 'துப்புரவாக்கும்' பழக்கம் எல்லா ஊரிலும் இருந்திருக்கிறது. டெல்லி உயர் நீதிமன்றம் 2018-ல் அங்கே அமலில் இருந்த பிச்சைத் தடைப் பிரிவுகளைச் செல்லாது என்றது. 2021-ல், பிச்சைக்காரர்களைத் தெருவிலிருந்து அகற்ற உத்தரவிடுங்கள் என்று வந்த மனுவில், விருப்பப்பட்டு யாரும் பிச்சை எடுப்பதில்லை, இது வறுமைப் பிரச்சினை என்று சொல்லி உச்ச நீதிமன்றம் அப்படி உத்தரவிட மறுத்தது. தீர்ப்பு தெருவுக்கு வந்துசேர நாளாகும். அதுவரை ஜீப் சத்தம் கேட்டால் எழுந்து ஓடுகிறவர்கள் ஓடிக்கொண்டுதான் இருப்பார்கள். (அந்தக் காலத்துச் சத்திரத்தில் வழிப்போக்கரிடம் அடையாள அட்டை கேட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. திண்ணை வைத்துக் கட்டிய வீடுகளும் இப்போது கிரில் போட்டாகிவிட்டது.)

காப்பகத்தில் எத்தனை கட்டில் என்பது பேச்சில்லை என்று இப்போது புரிந்திருக்கும். ஒருவர் தெருவுக்கு வருவதற்கு முன்னால் சில கதவுகள் வரிசையாகச் சாத்தப்படுகின்றன. அதில் முதல் கதவிலேயே கையை வைத்துப் பிடித்துக்கொண்டால் செலவு மிகக் குறைவு. நானும் வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருப்பது இது ஒன்றைத்தான். தெருவில் ஒரு வருஷம் இருந்துவிட்டவரை மீட்பதற்கு ஆகும் உழைப்பில் பத்தில் ஒரு பங்குகூட, முதல் வாரத்திலேயே பார்த்துவிட்டால் ஆகாது.

ஏற்காட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மலை மேல் காப்பி எஸ்டேட்டுகளில் தலைமுறையாக லயத்தில் (எஸ்டேட் கட்டிக் கொடுத்த வரிசை வீட்டில்) குடியிருந்து வேலை பார்த்தவர்கள் உண்டு. 1951-ம் வருஷத்துத் தோட்டத் தொழிலாளர் சட்டம் தொழிலாளிக்கு வீடு கொடுக்கும் பொறுப்பை எஸ்டேட் முதலாளி மேல் வைத்தது. நல்ல விஷயம்தான். ஆனால் அந்த வீடு வேலைக்குச் சேர்ந்தது, ஆளுக்குச் சேர்ந்தது இல்லை. முப்பது நாற்பது வருஷம் பழம் பறித்து, மிளகு ஏறிப் பறித்து, முட்டி தேய்ந்தபின் லயத்தைக் காலி செய்ய வேண்டும். மகனோ மகளோ அதே எஸ்டேட்டில் இருந்தால் அவர்கள் பெயரில் ஓட்டலாம். இப்போதைய பிள்ளைகள் திருப்பூர் பனியன் கம்பெனிக்கோ பெங்களூருக்கோ போய்விடுகிறார்கள், அங்கே அவர்களே ஒரு ரூமில் நாலு பேர். சொந்தமாக ஒரு சென்ட் நிலமோ பட்டாவோ சேர்க்காத கிழவனும் கிழவியும் கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி அடிவாரத்துக்கு வருகிறார்கள். கொஞ்ச நாள் தெரிந்தவர் வீட்டுத் தாழ்வாரம். அப்புறம் கோயில். அப்புறம் ஜி.எச். ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருஷம் முன்பே வீட்டுமனைப் பட்டாவுக்கும் முதியோர் உதவித்தொகைக்கும் எழுதிப் போட்டிருந்தால் இந்தக் கதையே வேறு மாதிரி. எழுதிப் போடுங்கள் என்று சொல்ல மலையில் யாரும் போவதில்லை. எல்லாரும் பஸ் ஸ்டாண்டுக்குத்தான் வருகிறோம்.

சேலத்துக்குள்ளும் இதே மாதிரிதான். வெள்ளிக் கொலுசுப் பட்டறை, தறிக்கூடம் எல்லாவற்றிலும் வேலை குறைந்தால் முதலில் வாடகை நிற்கும். வாடகை வீட்டில் அடுத்த வீடு பார்க்க அட்வான்ஸ் வேண்டும். வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது என்று தமிழ்நாட்டின் 2017-ம் வருஷத்து வாடகைச் சட்டம் சொல்கிறது. சட்டத்தைக் காட்டி வீடு பிடித்தவரை நான் இன்னும் பார்க்கவில்லை. அதிலும் தனி ஆள் என்றால் வீடு இல்லை, வயதானவர் தனியாக என்றால் அறவே இல்லை. "ராத்திரி ஏதாவது ஆயிட்டா யாருங்க பாக்கறது?" என்பார் வீட்டுக்காரம்மா. வீட்டில் சாவு விழுந்தால் அடுத்த ஆள் வாடகைக்கு வரமாட்டார் என்ற பயம். பணம் இருந்தும் கதவு திறக்காத இடம் இது.

இப்போது காகிதத்துக்கு வருவோம். இதை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்களைப் போன்றவர்கள் உருப்படியாக உதவக்கூடிய இடமே இதுதான்.

தெருவில் தூங்குபவரிடம் முதலில் திருடு போவது போன். போன் போனால் அந்த நம்பர் போகிறது. ஆதாரோடு இணைத்த நம்பர் அதுதான், ஓ.டி.பி. வராது. ஓ.டி.பி. இல்லாவிட்டால் வங்கிக் கணக்கு இருந்தும் இல்லை. அடுத்தது, மழையில் நனைந்தோ பையோடு தொலைந்தோ ஆதார் அட்டையும் போகும். 60 வயதைத் தாண்டிய ஆதரவற்றவருக்கு மாதம் 1,200 ரூபாய் முதியோர் உதவித்தொகை உண்டு (2023-ல் 1,000-லிருந்து ஏற்றினார்கள்). அதற்கு மனுப் போட ஆதார் வேண்டும், ரேஷன் அட்டை வேண்டும், வங்கிக் கணக்கு வேண்டும், வி.ஏ.ஓ. விசாரித்துச் சொல்ல ஒரு வீடு வேண்டும். எந்த வி.ஏ.ஓ., எந்த வீடு? பழைய ஊரில் கேட்டால் "ஆள் இங்க இல்லையே" என்பார்கள். இங்கே கேட்டால் "இந்த ஊர்க்காரர் இல்லையே" என்பார்கள். தன்னைத் தாங்கக்கூடிய பணம் சட்டப்படி இருந்தும் கைக்கு வராமல் இப்படி வருஷக்கணக்கில் இருப்பவர்கள் நிறைய.

இதற்கெல்லாம் வழி இருக்கிறது, தெரியாமல்தான் கிடக்கிறது. ஆதார் எண் மறந்துபோனாலும் சேர்க்கை மையத்தில் கைரேகை, கண் அடையாளத்தை வைத்துத் தேடி எடுக்கலாம். கல்லும் சுண்ணாம்பும் தூக்கித் தூக்கி ரேகை தேய்ந்துபோனவர்களுக்குக் கண் கைகொடுக்கும். புதிதாகவே எடுக்க வேண்டும் என்றால், அங்கீகரிக்கப்பட்ட காப்பகத்தின் பொறுப்பாளர் தரும் சான்றிதழை முகவரிக்கு ஆதாரமாக ஏற்றுக்கொள்கிறார்கள். காப்பகத்தின் உண்மையான பயன் கட்டிலைவிட இந்தச் சான்றிதழ்தான் என்பேன். வாக்காளர் அட்டைக்கு இன்னும் சுலபம். வீடற்றவருக்கு முகவரிச் சான்று எதுவும் தேவையில்லை என்று தேர்தல் ஆணையமே சொல்லியிருக்கிறது. படிவம் 6-ல் எந்த இடத்தில் தூங்குகிறார் என்று எழுதினால் போதும், வாக்குச்சாவடி நிலை அலுவலர் ராத்திரியில் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை வந்து, ஆள் அங்கேதான் தூங்குகிறாரா என்று பார்த்துச் சேர்க்க வேண்டும். இந்த விதி தெரியாத அலுவலர்கள் இருக்கிறார்கள். சண்டை போடாமல் விதியை அச்செடுத்துக் கையில் கொண்டுபோங்கள், பெரும்பாலும் வேலை நடந்துவிடும்.

மனநிலை பாதித்தவர்கள் விஷயத்தில் சட்டம் ரொம்பத் தெளிவு, நடைமுறைதான் கலங்கல். 2017-ம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100-வது பிரிவுப்படி, தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாமல் அலைபவரைப் பாதுகாப்பில் எடுக்க வேண்டியது அந்தக் காவல் நிலையத்தின் கடமை. 24 மணி நேரத்துக்குள் பக்கத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். லாக்கப்பில் வைக்கக் கூடாது. வீடற்றவர் என்றால் காணாமல் போனவராக முதல் தகவல் அறிக்கை பதிந்து, குடும்பத்தைத் தேட வேண்டும். அதனால் அப்படி ஒருவரைப் பார்த்தால் வீடியோ எடுத்துப் போடுவதை விட்டுவிட்டு, ஸ்டேஷனுக்குப் போய் பிரிவு எண்ணைச் சொல்லிப் பேசுங்கள். பேசும்போது குரலை உயர்த்த வேண்டாம், ராத்திரி டியூட்டியில் இருக்கும் ஏட்டுக்கும் இது தலைவலிதான்.

மருத்துவமனைக்குப் பிறகு எங்கே என்பது அடுத்த சிக்கல். தமிழ்நாட்டில் 2018 முதல் சில மாவட்டங்களில் தெருவில் அலையும் மனநோயாளிகளுக்கென்றே அவசர சிகிச்சை மற்றும் மீட்பு மையங்களை அரசு நடத்துகிறது. சென்னையில் 1993-ல் தொடங்கிய பான்யன் அமைப்பு இந்தத் துறையில் நிறையச் செய்திருக்கிறது. எனக்கு அவர்கள் வேலையில் பிடித்தது, குணமான பின்னும் வீட்டுக்குப் போக முடியாத பெண்களை நாலைந்து பேராகச் சேர்த்து, சாதாரணத் தெருவில் சாதாரண வாடகை வீட்டில் குடி வைப்பது. காய்கறிக்காரரிடம் பேரம் பேசுவார்கள், பக்கத்து வீட்டுக் கோலத்தைப் பார்த்து மூக்கைச் சுளிப்பார்கள். பெரிய ஹோமில் நூறு பேரோடு வரிசையில் தட்டேந்தி நிற்பதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம்!

வயதானவர்களுக்கு 2007-ம் வருஷத்துப் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் இருக்கிறது. கோட்டாட்சியரிடம் மனுக் கொடுத்தால் பிள்ளைகளிடமிருந்து மாதம் 10,000 ரூபாய் வரை ஜீவனாம்சம் வாங்கித் தரலாம். பார்த்துக்கொள்வேன் என்ற நிபந்தனையோடு எழுதி வாங்கிய சொத்தை, பார்க்காவிட்டால் ரத்து செய்யலாம். சொத்தை எழுதிக் கொடுக்கும் பெரியவர்கள் இந்த நிபந்தனையைப் பத்திரத்தில் ஒரு வரி சேர்த்துவிடுவது நல்லது. அந்த வரி இல்லாமல் பின்னால் இழுபடுகிற வழக்குகள் நிறைய. ஆனால் நடைமுறையில் மனு எழுதலாமா என்று கேட்டால் பத்தில் எட்டுப் பேர், "பையன் மேல கேஸா? வேண்டாங்க, அவன் நல்லா இருக்கட்டும்" என்றுதான் சொல்வார்கள். அவர்களை வற்புறுத்தாதீர்கள். மகள் வழி, தம்பி வழி என்று வேறு உறவு ஏதாவது இருக்கிறதா என்று பேச்சுவாக்கில் கேளுங்கள். பல சமயம் மகன் வாசல் சாத்தியிருக்கும், அக்கா மகள் வாசல் திறந்திருக்கும், இவர்தான் கூச்சப்பட்டுக்கொண்டு போகாமல் இருப்பார்.

வெளிநாட்டு உதாரணம் ஒன்று சொல்கிறேன், ஏனென்றால் வீடற்றவர்கள் எண்ணிக்கையை உண்மையிலேயே குறைத்த நாடு அது. பின்லாந்தில் 1980-களின் பிற்பகுதியில் வீடற்றவர்கள் 18,000-க்கும் மேல். 2023-ல் அது 4,000-க்கும் கீழே வந்திருந்தது. 2008 முதல் அவர்கள் செய்தது, முதலில் குடியை விடு, வேலை தேடு, அப்புறம் வீடு என்ற வரிசையைத் திருப்பிப் போட்டதுதான். முதலில் வாடகை ஒப்பந்தத்தோடு ஒரு வீடு. மற்றதெல்லாம் அந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டு. படுக்கை வரிசையாகப் போட்ட பழைய காப்பகங்களையே இடித்து மாற்றிச் சிறு சிறு வீடுகளாக ஆக்கினார்கள். அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. அங்கே அரசும் பொது அமைப்புகளும் கட்டி வைத்த வாடகை வீடுகள் ஏராளம். நம்மிடம் அந்த இருப்பு இல்லை. ஆனால் வரிசையைத் திருப்பிப் போடுவதற்குப் பின்லாந்து ஆக வேண்டியதில்லை. குடியை விட்டால்தான் உள்ளே விடுவேன் என்ற காப்பக விதியை மாற்ற ஒரு தீர்மானம் போதும்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? வாரம் ஐம்பது பொட்டலம், ஒன்று ஐம்பது ரூபாய் என்று வைத்தால் மாதம் பத்தாயிரம் ஆகிறது. அதில் பாதியைத் தனியாக எடுத்து வையுங்கள். இரண்டு மூன்று மாதத்தில், ஊர் ஓரத்து லைன் வீட்டில் ஒற்றை அறைக்கு அட்வான்ஸும் முதல் வாடகைகளும் கட்டுகிற தொகை சேர்ந்துவிடும். சம்பாத்தியம் இருந்தும் அட்வான்ஸ் இல்லாமல் தெருவில் இருக்கும் ஒரு மூட்டைத் தொழிலாளியை உள்ளே குடி வையுங்கள். வீட்டுக்காரரிடம் உங்கள் போன் நம்பரைக் கொடுங்கள், ராத்திரி ஏதாவது ஆனால் நான் வருகிறேன் என்று சொல்லுங்கள். கதவைத் திறப்பது அட்வான்ஸைவிட அந்த வார்த்தைதான். வாடகையை அவரே கட்டட்டும். ஆறு மாதம் போய் வந்து பாருங்கள். இவரை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள், இன்னும் கஷ்டப்படுபவர் இருக்கிறாரே என்று கேட்பார்கள். இருக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் ஒரு ஆறுபேர் குழுவுக்குத் தாங்கக்கூடியது இதுதான், மற்றவர்களுக்கு மருத்துவமனையும் அரசும் வேண்டும்.

பொட்டலத்தோடு போகும்போது ஒரே இடத்துக்கு, ஒரே கிழமை, அதே ஆட்கள் போங்கள். இடத்தை மாற்றிக்கொண்டே இருந்தால் யாரோடும் பழக்கம் வராது. போட்டோ வேண்டவே வேண்டாம். ஒரு நோட்டு வைத்துக்கொண்டு, அவர் சம்மதித்தால், பெயர், ஊர், என்ன காகிதம் கையில் இருக்கிறது, என்ன மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார் என்று எழுதுங்கள். காசநோய் மாத்திரையைப் பாதியில் விட்டவர் யாராவது இருந்தால் அவர்தான் முதல். புதிதாக வந்த முகம் ஒன்று தெரிந்தால் மற்ற எல்லாரையும் விட்டுவிட்டு அவரோடு உட்காருங்கள். இன்னும் அவரிடம் போன் இருக்கும், உறவுக்காரர் நம்பர் ஞாபகம் இருக்கும், துணி அழுக்காகியிருக்காது, வேலை கேட்டால் கொடுப்பார்கள். ஒரு மாதம் கழித்து இதில் எதுவும் மிஞ்சாது.

காப்பகம் நடத்துகிறவர்களைப் பார்த்தால், எத்தனை பேர் படுக்கிறார்கள் என்று கேட்காதீர்கள், எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள். போன வருஷம் இங்கிருந்து எத்தனை பேர் வெளியே போனார்கள், எங்கே போனார்கள், அதில் எத்தனை பேர் திரும்பத் தெருவுக்கு வந்தார்கள் என்று கேளுங்கள். பதில் சொல்ல முடியாமல் திணறினால் குறை காணாமல் அந்தப் பதிவேட்டை எழுத ஒரு ஆளைக் கொடுங்கள். காப்பக மேலாளருக்குச் சமையல், மின்சாரக் கட்டணம், ராத்திரிச் சண்டை என்று ஆயிரம் வேலை. ஜி.எச்.-சிலும் இதே போலத்தான். கூட ஆள் இல்லாத நோயாளிக்கு டிஸ்சார்ஜ் சொல்வதற்கு முந்தின நாள் உங்களுக்கு ஒரு போன் வந்தால் போதும், காப்பகத்தில் ஒரு கட்டிலைப் பேசி வைக்கலாம். அந்தப் போனைப் பண்ண வைப்பதற்கு, வார்டு நர்சுகளோடும் மருத்துவமனைச் சமூகப் பணியாளரோடும் பழகிக்கொள்ள வேண்டும். அதற்கு மாதக்கணக்கில் ஆகும், பரவாயில்லை.

எதையுமே வேண்டாம் என்பவர்களும் இருப்பார்கள். விட்டுவிடுங்கள், அடுத்த வாரமும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பேசுங்கள். சிலருக்கு ஒரு வருஷம் கழித்துத்தான் வாய் திறக்கும். காத்திருக்கக் கூடாத விஷயங்கள் சில உண்டு, அதற்கு நம்பர்களைப் போனில் சேர்த்து வையுங்கள். மூத்தவர்களுக்கு 14567. அடிபட்டோ மயங்கியோ கிடந்தால் 108. பெண்ணுக்கு ஆபத்து என்றால் 181. தனியாக ஒரு குழந்தை, அல்லது குழந்தையோடு தடுமாறி நிற்கும் ஒருவர் என்றால் 1098. அப்படிப் போன் செய்துவிட்டால் வண்டி வரும் வரை அங்கேயே நில்லுங்கள்.